கொத்தனார் கருவியும் கோமான் பதக்கமும்



பதக்கம் என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவன ஓட்டப் பந்தயத்தில் வென்றவன் கழுத்தில் தொங்கும் பொன் வட்டமும், படைவீரன் மார்பில் வரிசையாகத் துலங்கும் வெள்ளி வட்டங்களுமே. நம் பாட்டிமார் இச்சொல்லை வேறு பொருளில் வழங்கினர். கல் இழைத்து, ஆரத்தின் நடுவே தொங்கும்படி பொற்கொல்லர் அமைத்துக் கொடுத்த அணிகலனே அவர்களுக்குப் பதக்கம். நகைக்கும் பரிசுச் சின்னத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சில வேளைகளில் இடர் தருவதுண்டு. ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதுவே பெருந்துணையாகிறது. ஆங்கில நாட்டில் தோன்றி உலகெங்கும் பரவிய பிரீமேஸன் சங்கத்தார் தாம் அணியும் சின்னங்களை ஆங்கிலத்தில் 'ஜூவல்' என்கிறார்கள், அஃதாவது அணிகலன். பதக்கம் என்று நாம் எழுதிவிட்டால் இரு பொருளும் ஒருங்கே வந்துவிடுகின்றன.

இந்தச் சங்கத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மேஸன் என்றால் கொத்தர், கல்தச்சர். இடைக்கால ஐரோப்பாவில் மாபெரும் தேவாலயங்களை எழுப்பிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்தருகே ஒரு கொட்டகை அமைத்து, அதில் கூடித் தம் தொழில் முறைகளைக் காத்து வந்தனர். அக்கொட்டகைக்கு 'லாட்ஜ்' என்று பெயர். இக்காலத்தில் லாட்ஜ் என்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே அறை வாடகைக்கு விடும் விடுதி என்று நாம் கொள்வோம். பிரீமேஸன்களின் கிளைச் சபைக்கு இன்றும் அதுவே பெயர். காலப்போக்கில், உளியைத் தொட்டறியாத கனவான்கள் இத்தகைய சபைகளில் சேர்ந்தனர். கல்லைச் செதுக்கும் கருவிகளை, மனிதன் தன் குணத்தைச் செதுக்கிக்கொள்ளும் கருவிகளாக அவர்கள் உருவகம் செய்துகொண்டனர். 1717-ஆம் ஆண்டில் இலண்டனில் தலைமைச் சபை ஒன்று அமைந்ததாகச் சங்கத்தின் மரபு கூறும்.

கம்பெனியார் காலத்திலேயே இச்சங்கம் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. சென்னையில் 1786-இல் தோன்றிய 'பர்ஃபெக்ட் யுனானிமிட்டி' என்னும் லாட்ஜ், 1839-இல் கடற்கரையில் தனக்கென ஒரு மண்டபம் கட்டிக்கொண்டது. அரசாங்கம் அதனை 1874-இல் ரூ. 20,000 கொடுத்து வாங்கியது. இன்று மெரினா சாலையில் செல்வோர் காணும் போலீஸ் தலைமையகம் அதுவே. எழும்பூரிலுள்ள பிரீமேஸன் மண்டபம் 1925-இல் திறக்கப்பெற்றது. நாம் வாழும் இப்பெங்களூரு நகரிலும், தண்டுப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே லாட்ஜுகள் ஏற்பட்டன. படை அதிகாரிகள் எங்கே சென்றார்களோ அங்கெல்லாம் இச்சங்கமும் சென்றது.

கதவை மூடிக்கொண்டு கூடுகிறவர்களைப் பற்றி வெளியிலிருப்போர் கதை கட்டுவது இயல்பு. 1886-இல் யூல், பர்னெல் என்னும் இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, வடநாட்டார் லாட்ஜ் மண்டபத்தை 'ஜாதூகர்', அதாவது மாய வீடு, என்று அழைத்ததைக் குறிக்கிறது. தென்னாட்டார் இட்ட பெயர் அதனினும் பயங்கரமானது; 'தலைவெட்டுக் கோவில்'. புதிதாகச் சேர்பவனுடைய தலையை வெட்டி, மீண்டும் ஒட்டவைப்பார்கள் என்று நம் முன்னோர் நம்பினராம். உண்மையில் அச்சங்கத்தார் எதை உயர்வாகக் கருதினர் என்பதை அறிய மந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. அவர்கள் மார்பிலும் கழுத்துப் பட்டையிலும் அது வெளிப்படையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

லாட்ஜின் தலைவர் அணியும் பதக்கம் மூலைமட்டம். சுவரும் சுவரும் கூடுமிடம் செங்கோணமாக இருக்கிறதா என்று நம் கொத்தனார் வைத்துப் பார்க்கும் அதே கருவிதான். நேர்மை தவறாத நடத்தைக்கு அது அடையாளம். அவருக்கு அடுத்த நிலையிலுள்ள மூத்த காவலர் அணிவது மட்டம். மாந்தர் யாவரும் ஒரே தளத்தில் நிற்பவர் என்பது அதன் பொருள். இளைய காவலர் அணிவது தூக்குக்குண்டு. மேலும் கீழும் சாயாத ஒழுக்கத்துக்கு அது அறிகுறி. பொருளாளருக்குச் சாவி, செயலாளருக்குக் குறுக்காக வைத்த இரண்டு எழுதுகோல், தூது செல்லும் அலுவலர்களுக்கு ஒலிவக் கிளை ஏந்திய புறா, அறப்பணி பார்ப்பவருக்கு இதயம் பொறித்த பணப்பை, வாயிலுக்கு வெளியே நிற்கும் காவலனுக்கு ஒற்றை வாள். எழுத்தறியாதவனும் பார்த்த மாத்திரத்தில் யார் எப்பணி செய்கிறார் என்று கண்டுகொள்ளலாம்.

இவற்றுள் கழுத்துப் பட்டையில் தொங்கும் பதக்கங்கள் அணிபவருக்குச் சொந்தமல்ல என்பது கவனிக்கத் தக்கது. அவை லாட்ஜின் உடைமை. பதவிக்காலம் முடிந்தவுடன் அடுத்தவர் கழுத்துக்கு அவை மாறிவிடும். இவ்வாறு கைமாறுவதால்தான் மூலைமட்டம், மட்டம், தூக்குக்குண்டு ஆகிய மூன்றையும் ஆங்கில மரபில் 'அசையும் அணிகள்' என்கிறார்கள். மதிப்பு பணிக்கே உரியது, ஆளுக்கன்று என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்லுவது அரிது. ஒருவர் தமக்கே உரியதாக மார்பில் குத்திக்கொள்ளும் பதக்கங்கள் வேறு வகை. முன்னாள் தலைவருக்கு அளிக்கும் பதக்கம் அவற்றுள் ஒன்று. அதில் மூலைமட்டத்தின் கீழே ஒரு சிறு வெள்ளித் தகடு தொங்கும். தகட்டில் ஒரு முக்கோணமும், அதன் மூன்று பக்கங்களில் மூன்று சதுரங்களும் வரைந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் பைதாகரஸ் தேற்றம் என்று படிக்கும் அதே உருவந்தான். யூக்ளிட் நூலின் முதற்பகுதியில் 47-ஆவது தேற்றம். நம் நாட்டில் வேள்விமேடை கட்டுவதற்கு அளவு வகுத்த போதாயனருடைய சுல்ப சூத்திரத்திலும் இவ்வுண்மை கூறப்பெற்றிருக்கிறது. கயிறும் முளையும் கொண்டு செங்கோணம் அமைக்கத் தெரிந்தவனே கட்டடத்துக்குத் தலைவன் ஆகலாம் என்பது இப்பதக்கத்தின் குறிப்பு.

கைத்தொழிற் கருவியை அறத்துக்கு அடையாளமாக்குவது தமிழருக்குப் புதிதன்று. நேரான கோலைச் செங்கோல் என்றும், வளைந்ததைக் கொடுங்கோல் என்றும் சொல்லி, அரசாட்சியையே ஒரு கோலின் நேர்மையால் அளந்தவர் நாம். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலைச் சான்று காட்டினார். நன்னூலாரோ, தச்சன் மரத்தின் கோணலைத் தீர்க்கப் பிடிக்கும் நூலையும், மனத்தின் கோணலைத் தீர்க்கும் நூலையும் ஒப்பிட்டு, புத்தகத்துக்கு நூல் என்று பெயர் வந்த காரணத்தை விளக்கினார். சிறப்புச் செய்து அணிவிப்பதும் நமக்குப் பழக்கமே. படைத்தலைவருக்கு ஏனாதி என்னும் பட்டமும் மோதிரமும், வணிகருக்கு எட்டி என்னும் பட்டமும் பொற்பூவும், பாணருக்குப் பொற்றாமரையும் அளித்த நாடு இது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. ஏனாதி மோதிரம் முன்னர்ச் செய்த வீரத்துக்கு அரசன் அளித்த பரிசு. கழுத்துப் பட்டையில் தொங்கும் மூலைமட்டமோ இனிமேல் நடக்க வேண்டிய நேர்மையை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வாக்குறுதி. பரிசை வாங்கியவன் இளைப்பாறலாம். வாக்குறுதியை அணிந்தவன் நாள்தோறும் அதற்கு விடை சொல்ல வேண்டும்.

இச்சங்கத்தின் நினைவுப் பதக்கங்களுள் மிகப் பழையது இத்தாலி நாட்டு பிளாரன்ஸ் நகரில் வார்க்கப்பெற்றதென்பர். லோரன்ஸ் நாட்டர் என்னும் கலைஞர் சார்லஸ் ஸாக்வில் பிரபுவைச் சிறப்பித்துச் செய்தது அது; 1733-ஆம் ஆண்டினதாகக் கூறப்படுகிறது. ஒரு பக்கம் பிரபுவின் உருவம்; மறு பக்கம் உதட்டின்மேல் விரல் வைத்து நிற்கும் ஹார்ப்போக்ராட்டிஸ் என்னும் மௌனத் தெய்வம். அடுத்து, இராயல் ஸொஸைட்டி என்னும் அறிவியற் கழகத்தின் தலைவராயிருந்த மார்ட்டின் போக்ஸ் பெயரால் 1742-இல் ஒரு பதக்கம் வெளிவந்தது. அதில் ஸ்பிங்க்ஸ் உருவமும், ரோமாபுரியிலுள்ள ஒரு பிரமிடும் காணப்பெறும். அதிற் பொறித்த ஆண்டு 1742 அன்று, 5742. உலகில் ஒளி பிறந்தது முதலாகக் கணக்கிட்டு, கிறிஸ்து ஆண்டுடன் 4000 கூட்டி எழுதுவது இச்சங்கத்தார் வழக்கம். கொல்லம் ஆண்டும் சக ஆண்டும் திருவள்ளுவர் ஆண்டும் கூட்டியும் கழித்தும் பழகிய நமக்கு இக்கணக்கு மலைப்பைத் தராது.

இனி, வாக்குறுதி எவ்வாறு காக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் 'மட்டம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் மட்டம் என்றால் சமதளம். அதைக் காட்டும் கருவிக்கும் அதுவே பெயர். ஆனால் 'மட்டமான சரக்கு' என்னும்போது தாழ்ந்தது என்று பொருளாகிறது. பிறரை இழிவுசெய்வதை 'மட்டம் தட்டுதல்' என்கிறோம். மேடு பள்ளத்தை நிரவிச் சமமாக்குவதும் மட்டம் தட்டுவதே. ஒருவனைத் தலையிலடித்துத் தாழ்த்துவதும் மட்டம் தட்டுவதே. மார்பில் மட்டம் அணிந்த இச்சங்கம் நம் நாட்டில் எவ்வகை மட்டம் தட்டியது? வரலாறு இரண்டையும் காட்டுகிறது.

1770-களின் நடுவில், திருச்சிராப்பள்ளியில், ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா இச்சங்கத்தில் சேர்ந்தார். இந்திய நாட்டார் ஒருவர் சேர்ந்த செய்தி கேட்டு இலண்டன் தலைமைச் சபை பெருமகிழ்ச்சி கொண்டது. அழகிய வேலைப்பாடமைந்த சடங்கு மேலாடையும், சிறந்த கட்டடத்துடன் சங்க விதி நூலும் அவருக்கு அனுப்பிவைத்தது. அவர் பாரசீக மொழியில் விடுத்த நன்றி மடல் 1780-இல் அச்சபையில் படிக்கப்பெற்றது. 'சகோதரர்' என்று இரு பக்கமும் எழுதிக்கொண்டார்கள்.

பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அவர் அரண்மனையில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, ஆர்க்காட்டு நவாபுகள் திப்புவுடன் கூடிச் சதி செய்தனர் என்று கம்பெனியார் குற்றம் சாட்டினர். அச்சான்று போதுமானதன்று என்று வரலாற்றறிஞர் பலர் கூறுவர். அப்போது நவாபாயிருந்தவர் அதே உம்தத்-உல்-உமரா. 1801 ஜூலையில் அவர் இறந்தார். அம்மாதம் முடிவதற்குள் கர்நாடக அரசின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. இதனைப் பிரீமேஸன் சங்கம் செய்தது என்று சொல்ல இடமில்லை, செய்தது கம்பெனி. ஆயினும், சகோதரன் என்று அழைத்து மேலாடை அனுப்பிய ஒரு சமுதாயம், அச்சகோதரன் வீட்டை எடுத்துக்கொள்ளத் தயங்கவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கும் ஒரு பதக்கம் உண்டு. பர்மிங்ஹாமில், குயூக்ளர் என்பவர் வடிவமைத்து, போல்டன் என்பாரின் ஸோஹோ நாணயச் சாலையில் வார்த்து, 1808-இல் படையினருக்கு வழங்கப்பெற்றது அது. அதன் ஒரு முகத்தில் சிங்கம் புலியைக் கீழே தள்ளி அதன்மேல் நிற்கிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்பு. பொருள் மறைவின்றி விளங்குகிறது. ஒரே காலத்தவர், ஒருவேளை ஒரே சட்டையில், ஒரு புறம் மட்டத்தையும் மறு புறம் புலிமேல் நிற்கும் சிங்கத்தையும் குத்திக்கொண்டு நடந்திருக்கலாம். அப்போரின் பின்விளைவாகவே 1809-இல் பெங்களூரில் தண்டு ஏற்பட்டது. சென்னைப் படையுடன் சிப்பாய்களும் வணிகரும் கொத்தரும் தச்சருமாகத் தமிழர் இங்கே வந்து குடியேறினர். எனவே அவ்விரு பதக்கங்களின் கதையில் நம் கதையும் ஒரு புறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பம்பாயில் பார்ஸி சமூகத்தவரான மானக்ஜீ கர்ஸெட்ஜீக்கு அங்குள்ள ஐரோப்பியர் லாட்ஜுகள் கதவு திறக்கவில்லை. அவர் பாரிஸ் நகருக்குச் சென்று அங்கே சேர்ந்தார். பின்னர் டாக்டர் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்னும் ஸ்காத்லாந்தியர், இந்தியரைச் சேர்ப்பதற்கென்றே 1843-இல் 'ரைஸிங் ஸ்டார்' என்னும் லாட்ஜைப் பம்பாயில் நிறுவினார். உதய தாரகை என்று நாம் மொழிபெயர்க்கலாம். நன்றி மறவாத அந்த லாட்ஜ், பர்ன்ஸ் உருவம் பொறித்த பதக்கம் ஒன்றை வையன் என்னும் புகழ்பெற்ற கலைஞரைக் கொண்டு செய்வித்தது. இந்திய மண்ணின் பிரீமேஸன் பதக்கங்களுள் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வென்றவனைப் போற்ற அன்று, கதவைத் திறந்தவனைப் போற்ற எழுந்தது அது.

கல்கத்தாவிலோ இந்துக்களைச் சேர்க்கலாமா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பிரஸன்னகுமார் தத்தர் என்பவர் விடாது முயன்று, 1872-இல் உள்ளே புகுந்தார். பிற்காலத்தில் விவேகானந்தர் என்று உலகம் போற்றிய இளைஞர் நரேந்திரநாதர், 1884-இல் கல்கத்தாவில் 'ஆங்கர் அண்டு ஹோப்' லாட்ஜில் சேர்ந்தபோது அவருக்கு அந்தத் தடை இல்லை. இறுதியாக, 1961 நவம்பர் 24-ஆம் நாள் புது டில்லியில் இந்தியாவுக்கென்றே தனித் தலைமைச் சபை அமைந்தது. அதன் முதல் தலைவர் ராம்பூர் நவாப் ரஸா அலிகான். இந்திய லாட்ஜுகளில் கீதையும் குர்ஆனும் பைபிளும் பிற மறைநூல்களும் ஒரே பீடத்தில் விரித்து வைக்கப்படுகின்றன. மட்டத்தின் பொருள் முற்றும் நிறைவேறிவிட்டது என்று இதனால் கூற முடியாது. அச்சபை இன்றும் ஆடவரை மட்டுமே சேர்த்துக்கொள்கிறது. இருபாலரும் சேரும் வேறொரு கிளையில் அன்னி பெஸன்ட் அம்மையார் 1902-இல் சேர்ந்து, அதனை இந்தியாவுக்குக் கொணர்ந்தார் என்பதையும் இங்கே நினைவு கூர்தல் தகும்.

இன்னும் ஒரு பதக்கத்தைப் பற்றிச் சொல்லி முடிப்போம். இன்றும் பழம்பொருள் கடைகளில் மிகுதியாகக் கண்ணிற்படுவது அதுவே. முதல் உலகப் போரில் உயிர்நீத்த 3,000-க்கு மேற்பட்ட சங்கத்தாரின் நினைவாக இலண்டனில் ஒரு மண்டபம் எழுப்பப்பெற்று, 1933-இல் திறக்கப்பட்டது. பத்து கினி கொடுத்தவர்க்கு வெள்ளியிலும், நூறு கினி கொடுத்தவர்க்குப் பொன்னிலும் பதக்கம் அளித்தனர். கடல் கடந்த நாடுகளின் லாட்ஜுகளும் பொருளுதவி செய்தன. சிலுவை வடிவான அப்பதக்கத்தில் இடமும் வலமுமாக 1914, 1918 என்னும் ஆண்டுகள். நடுவே சிறகு விரித்த அமைதித் தேவதை ஒரு கோயிலை ஏந்தி நிற்கும். மேலே மூலைமட்டமும் கவராயமும். சிலுவை தியாகத்தைக் குறிக்கும். போர்ப் பதக்கமாயினும் அதில் வாளும் இல்லை, வீழ்ந்த புலியும் இல்லை.

பெங்களூரிலும் பிற நகரங்களிலும் வாழும் தமிழர் வீடுகளில், படையிலோ ரயில்வேயிலோ பணிபுரிந்த பாட்டனாரின் பெட்டியடியில் பழைய பதக்கங்கள் சில கிடக்கக்கூடும். அவை போர்ப் பதக்கமாக இருக்கலாம். அரிதாக, லாட்ஜ் பதக்கமாகவும் இருக்கலாம். அவற்றைப் புளி போட்டுத் துலக்க வேண்டா, எழுத்து தேய்ந்துவிடும். எடைக்குப் போடவும் வேண்டா. வெள்ளியின் விலை கைக்கு வரும். பின்புறமோ விளிம்பிலோ பொறித்த பெயர் உலைக்குள் போகும். நங்கூரக் குறி ஒன்று காணப்பெற்றால் அதை மறைபொருள் என்று எண்ணி மயங்க வேண்டா. பர்மிங்ஹாம் நகரத்து மாற்று பார்க்கும் சாலையின் முத்திரை அது. சிறுத்தைத் தலை இலண்டன் முத்திரை. நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்தைக் காட்டுவது. பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி, பதக்கத்துடன் வைத்து, அவர் யார், எங்கே பணி செய்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நலம். வாக்குறுதி ஒன்று இருந்தால் அதைத் தந்தவர் பெயரும் இருக்க வேண்டுமல்லவா?

மொழி வேறான அயலாருடன் ஒரே தெருவில் வாழும் நமக்கு மட்டத்தின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இந்நகரில் எழும் கட்டடங்கள் பலவற்றில் இன்றும் தமிழ்க் கொத்தனார் சாரத்தின்மேல் நின்று சுவருக்கு ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். அதை அவர் மார்பில் குத்திக்கொள்வதில்லை. வேலை முடிந்ததும் கரணையுடன் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். அவர் மட்டம் சரியாகப் பார்த்தாரா என்பதை நாளை அந்தச் சுவரே சொல்லிவிடும். கனவான்கள் அவரிடமிருந்து கடன் வாங்கிப் பொன்னிலும் வெள்ளியிலும் செய்துகொண்ட மட்டத்துக்கும் அதுவே தேர்வு.